என் பக்கம் சரிப்பா

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி உள்ளே திரும்பும் கிளைப்பாதையில் ஒரு ரயில் கடவை இருக்கிறது. மாத்தளைக்குப் போகும் ஒற்றைத் தண்டவாளம். நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய கோச்சிகள்தான் அதில் ஓடும். மணி கிடையாது, சிவப்பு விளக்கும் கிடையாது. ஒரு மூங்கில், அதன் அடியில் பாரத்துக்குக் கட்டிய கல், அதைத் தூக்கி இறக்க மஹ்மூத் நானா, அவர் கையில் ஒரு பழைய ஃபோன். அவ்வளவுதான் காவல். மூங்கில் மேலே நின்றால் ஊரே பறக்கும். ஒரே ஒரு வெள்ளை வேன் மட்டும் நிற்கும்.

அது சேதுராமனின் வேன். காலையிலும் பகலிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மற்ற நேரங்களில் ஹயர். கடவைக்கு வந்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம் வேன் முழுசாக நிற்க வேண்டும். சும்மா வேகத்தைக் குறைப்பதெல்லாம் அவரிடம் நிற்பதாக ஆகாது. ரேடியோவை நிறுத்துவார். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் இறக்குவார், கொட்டுகிற மழையானாலும் இறக்குவார். முன்னால் போகிற வாகனம் தண்டவாளத்தை விட்டு முழுக்க இறங்காமல் இவர் டயர் உருளாது. முதல் கியரில் ஏறினால் அதே கியரில்தான் அந்தப் பக்கம் இறங்குவார். அந்த அரை நிமிஷம் வேனுக்குள் ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கக்கூடாது. அதனால் பிள்ளைகள் அவருக்கு 'ஷ் மாமா' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் ஒரு படி மேலே போய், சேதுவின் வேனுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இறங்கி ஒரு பிளேன்டி குடித்துவிட்டு வரலாம் என்றார்கள்.

இதெல்லாம் அவராக உண்டாக்கிய சட்டமில்லை. லைசன்ஸ் எடுக்கப் போகிற எல்லாரும் படிக்கிற சட்டம்தான். படித்து, பரீட்சையில் சரியான விடைக்குக் கோடு போட்டு, லைசன்ஸ் கைக்கு வந்த மறுநாள் மறந்துபோகிற சட்டம். சேதுராமனும் ஒரு காலத்தில் அப்படி மறந்தவர்தான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். அவர் கண்ட சூடு என்னவென்று அக்கம்பக்கத்தில் வயதானவர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியவேண்டிய ஒருத்திக்கு மட்டும் தெரியாது.

இருபத்துமூன்று வருஷத்துக்கு முந்திய கதை. மனைவி அன்னலட்சுமி, இரண்டு வயது மகள் நிஷாந்தினி, புதிதாக வாங்கிய ஒரு பழைய வேன். வேனுக்குப் பூஜை போட்டுக்கொண்டு வரலாமென்று முன்னேஸ்வரம் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் வண்டியை எடுத்தார். வழியில் கண்ட பிள்ளையாருக்கெல்லாம் நிறுத்தி, இறங்கி, சூடம் கொளுத்திவிட்டுத்தான் ஏறினார். சிலாபத்துக்குக் கிட்ட காவலில்லாத ஒரு கடவை வந்தது. மழை பெய்ததால் கண்ணாடிகளை ஏற்றியிருந்தார்கள். கசட்டில் பக்திப்பாட்டு முழுச் சத்தத்தில் ஓடியது. முன்னால் போன பஸ் நிற்காமல் தாண்டியது. முன்னால் போகிறவன் பார்த்திருப்பான் என்று நினைத்து இவரும் அதன் பின்னாலேயே ஏறினார். கோச்சி இடப்பக்கத்திலிருந்து வந்தது. இடப்பக்கத்தில் அன்னலட்சுமி உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்த பிள்ளையை அவர் மேல் தூக்கிப் போட்டாள். அதற்குமேல் அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

வழியிலிருந்த பிள்ளையாருக்கெல்லாம் நின்றவன் தண்டவாளத்துக்கு நிற்கவில்லை. இதைச் சேதுராமன் தனக்குள் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டார். லைசன்ஸ் போனது. அது திரும்பக் கிடைக்கும்வரை மார்க்கெட்டில் மூட்டை சுமந்தார். திரும்பக் கிடைத்த பிறகும் ஒரு வருஷம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வேறு தொழில் தெரியாததால்தான் தொட்டார்.

பிள்ளைக்கு நாலு வயதானபோது எங்கம்மா எங்கே என்று கேட்டது. சேதுராமனின் அக்காதான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். "உங்கம்மாவ ஒரு லொறிக்காரன் அடிச்சிட்டுப் போயிட்டான்டி கண்ணு." சேதுராமன் பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை. பிள்ளை பெரிசானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். பிள்ளை பெரிசாகப் பெரிசாக, சொல்ல வேண்டிய விஷயமும் கூடவே பெரிசாகிக்கொண்டு போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பது பழமொழி. சுற்றியிருக்கிற சனமெல்லாம் பரிதாபப்பட்டு ஆளுக்கொரு பிடி சோறு போட்டால் தாராளமாக மறைக்கலாம்.

ஐப்பசியில் அன்னலட்சுமியின் திதி வரும். படத்துக்குக் கதம்பம் சாத்தி, அவளுக்குப் பிடித்த பலாக்காய்க் கறியோடு சோறு படைப்பார்கள். நிஷாந்தினி ஆறு வயதிலிருந்து அந்தப் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகக் கும்பிடுவாள். "சாமி, எங்கம்மாவ அடிச்ச லொறிக்காரன் நல்லாவே இருக்கக்கூடாது. அவனுக்கு ஒரு புள்ள இருந்தா அதுவும் அவன விட்டுட்டுப் போயிறணும்." கும்பிட்டு முடித்ததும் தட்டிலிருந்து திருநீற்றை எடுத்து அப்பாவின் நெற்றியில் பூசிவிடுவாள். அவரும் குனிந்து நெற்றியைக் காட்டுவார். வருஷம் தவறாமல் இது நடந்தது. அக்காவுக்குத்தான் பொறுக்காது, சமையலறைக்குள் போய்விடுவாள்.

வேனின் முன் சீட்டில் மகளைத் தவிர வேறு யாரையும் அவர் ஏற்றியதில்லை. கடவையில் வலப்பக்கம் பார்ப்பது அவருடைய வேலை, இடப்பக்கம் பார்ப்பது அவளுடைய வேலை. மலையை வெட்டிப் பாதை போட்ட இடமாதலால் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இடப்பக்கத்தில் தண்டவாளம் சட்டென்று வளைந்து மறைந்துவிடும். நிஷாந்தினி தலையை வெளியே நீட்டிப் பார்த்து, காதைக் கொடுத்துக் கேட்டு, "என் பக்கம் சரிப்பா" என்பாள். அதன் பிறகுதான் வேன் நகரும். பள்ளிக்கூடம் போன காலத்திலும் சரி, படித்து முடித்துக் கண்டியில் ஒரு துணிக்கடையில் கேஷியராக வேலைக்குப் போன காலத்திலும் சரி, அந்த மூன்று சொற்கள் இல்லாமல் அவர்களுடைய காலை விடிந்ததில்லை. சேதுராமன் இந்த உலகத்தில் யாரையாவது கண்ணை மூடிக்கொண்டு நம்பினார் என்றால், அந்த மூன்று சொற்களைத்தான் நம்பினார்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். யுகேஷ், பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். குணமான பையன், ஆனால் அம்மா பேச்சைத் தாண்டமாட்டான். அந்த அம்மாவோ யாராவது தும்மினால்கூடச் சகுனம் பார்க்கிற மனுஷி. கல்யாணம் ஒரு வெள்ளிக்கிழமை, கண்டி டவுனில் ஒரு மண்டபத்தில். முகூர்த்தம் ஒன்பது பத்திலிருந்து ஒன்பது ஐம்பத்தைந்து. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும்.

பொண்ணை ஏற்றிப்போக ஒரு நல்ல கார் பிடிக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். சேதுராமன் கேட்கவில்லை. வேறு எவன் கையிலும் என் பிள்ளையைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். கன்னிகாதானம் கொடுக்கிற அப்பனே டிரைவரா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நிஷாந்தினி நகையும் பட்டுப்புடவையுமாக முன் சீட்டில் ஏறப் போனாள். புடவை கசங்கும் என்று சேதுராமனின் அக்கா அவளைப் பின் சீட்டில் உட்காரவைத்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

எட்டு நாற்பதுக்குக் கடவைக்கு வந்தார்கள். மூங்கில் கீழே இருந்தது.

மஹ்மூத் நானா குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "கோச்சி கெளம்பிட்டு எண்டு ஃபோன் வந்தீக்கி சேது. இப்ப வந்துரும்."

கோச்சி வரவில்லை. பத்து நிமிஷம் போனது, கால் மணி போனது. நானா மறுபடி மறுபடி ஃபோன் எடுத்தார். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. பின்னால் வாகனங்கள் வரிசை கட்டின. ஹோர்ன் அடித்தே கோச்சியை வரவழைத்துவிடலாம் என்று நம்புகிற சனம் நம்முடையது. முதலில் மோட்டார் சைக்கிள்கள் மூங்கிலுக்குக் கீழே குனிந்து போயின. பிறகு ஓட்டோக்காரர்கள் இறங்கி, தாங்களே மூங்கிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் சொந்தக்காரர்கள் வந்த பஸ்ஸும் போனது. ஒன்பது மணியாகிவிட்டது.

நானா ஜன்னலண்டை வந்தார். அந்தக் கடவையில் அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மையத்து கொண்டுபோகிற சந்தூக்குக்கும், பொண்ணு மாப்பிள்ளை போகிற வாகனத்துக்கும் அவர் மூங்கிலை இறக்கமாட்டார். இறக்கியிருந்தாலும் தானே வளைவுவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து தூக்கிவிடுவார். கடைசிப் பயணம் போகிறவர்களையும் மங்கள காரியத்துக்குப் போகிறவர்களையும் மறிப்பது பாவம் என்பது அவருடைய எண்ணம். எந்த மதத்துக்காரராக இருந்தாலும் அந்த ஊரில் யாரும் இதை மறுத்துப் பேசியதில்லை.

"நான் வளைவு மட்டும் போய்ப் பாத்துட்டு வந்துட்டன் சேது. ஒண்டுமில்ல. பொண்ணு வண்டிய மறிச்சி வெக்கிற சரியில்ல. தூக்குறன், நீங்க போங்கோ."

"வரும்னு சொன்ன கோச்சி இன்னும் போகல நானா," என்றார் சேதுராமன்.

"எல்லாரும் போறாங்க தானே."

"எல்லாரும் போறாங்கன்னுதான் நானும் ஒரு தடவ போனேன்." இதை அவர் மெதுவாகச் சொன்னார். நானாவுக்குப் புரிந்தது. அவர் குடையோடு ஒதுங்கி நின்றார்.

பின் சீட்டில் இருந்தவளுக்கு அது கேட்கவில்லை. அவள் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்பது பத்தாகி, ஒன்பது பதினைந்தாகியது. நிஷாந்தினி மழையையும் பார்க்காமல் கண்ணாடியை இறக்கினாள். மாலையும் ஜடையுமாகத் தலையை வெளியே நீட்டி, அந்த வளைவைப் பார்த்தாள். நின்று நிதானமாகக் காதைக் கொடுத்தாள். பிறகு உள்ளே திரும்பிச் சொன்னாள்.

"என் பக்கம் சரிப்பா. போங்க."

சேதுராமனின் கால் பிரேக்கை விட்டு எழும்பவில்லை.

"அப்பா, நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்றேன். என் பக்கம் சரி."

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். இடப்பக்கத்தில், நகையும் பூவுமாக, மழையில் நனைந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அன்னலட்சுமியும் அன்று கோயிலுக்குப் போகிற சேலையில்தான் இருந்தாள். "கோச்சி போகட்டும்மா," என்றார்.

"அப்ப நான் இறங்கி நடந்து போறேன். அந்தப் பக்கம் ஒரு ஓட்டோ புடிச்சிக்கிறேன்." அவள் கதவைத் திறக்கப் போனாள். சேதுராமன் கதவுகளை லொக் போட்டார்.

பின் சீட்டில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஏன் அழுகிறாள் என்று சொல்ல அவளாலும் முடியாது. ஒன்பது முப்பத்தொன்றுக்கு நானாவின் ஃபோன் அடித்தது. எஞ்சின் வழியிலேயே பழுதாகிப் படுத்துவிட்டதாம். கோச்சி வராதாம். அன்றைக்கு அந்தத் தண்டவாளத்தில் ஒரு தள்ளுவண்டிகூட வரவில்லை.

மழை நெரிசலில் ஊர்ந்து மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது பத்து பன்னிரண்டு. முகூர்த்தம் போய்விட்டது, ராகுகாலம் வாசலில் நின்றது. பன்னிரண்டு மணிக்குப் பிறகு, பாதிச் சனம் சாப்பிட்டுப் போன மண்டபத்தில் தாலி கட்டினார்கள். கோச்சியே வராத கேட்டில் முக்கால் மணி நேரம் நின்ற அப்பன் என்று பந்தியில் சிரித்தார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிஷாந்தினி திகனையில் வாடகை வீட்டுக்குக் குடிபோனாள். கல்யாணமாகி எட்டாம் மாதம் அவள் வயிற்றில் தங்கியது தங்காமல் போனது. மாமியார்க்காரி வீட்டு வாசலில் நின்று, முகூர்த்தம் தப்பிய தாலிக்கு வேறென்ன நடக்கும் என்று சொன்னாளாம். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன சேதுராமனைக் கண்டதும் மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவருடைய ஃபோனை எடுக்கவில்லை. அந்த வருஷம் ஐப்பசியில் அம்மாவின் திதிக்கும் வரவில்லை. படைத்த சோற்றுக்கு முன்னால் சேதுராமன் தனியாக நின்றார். அவரே திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டார். மறுநாள் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அப்படியே மடவளை வழியாகத் திகனைக்கு ஓட்டினார்.

அவள் கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். எதைச் சொன்னால் இந்தப் பிள்ளை ஒரேயடியாகத் தன்னை வெறுக்கும் என்று இத்தனை வருஷம் பயந்தாரோ அதைத்தான் இப்போது சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாவிட்டாலும் அவள் தனக்கு இல்லை. சொன்னால் அன்று நின்றதற்குக் காரணமாவது அவளுக்குத் தெரியும் என்று வந்திருந்தார்.

"உங்கம்மாவ லொறி அடிக்கலம்மா," என்றார்.

எலுமிச்சம்பழத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். பஸ்ஸுக்குப் பின்னால் போனது, பாட்டுச் சத்தம், ஏற்றியிருந்த கண்ணாடி, கோச்சி வந்த பக்கம், அவள் அம்மாவின் மடியிலிருந்து தன் மேல் வந்து விழுந்தது. எங்கேயும் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு சொல்லவில்லை. நிஷாந்தினி சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"அன்னைக்கு வேன்ல வச்சி இதச் சொல்லியிருந்தீங்கன்னா, சாயந்தரம் வரைக்கும் ஒரு வார்த்த பேசாம உக்காந்திருப்பேனேப்பா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"முகூர்த்தம் போனா மயிரே போச்சுன்னு இருந்திருப்பேன். என் பக்கம் சரின்னு சொன்னேன், அப்பா என்ன நம்பலயேன்னுதான் ஒரு வருஷமா வெந்துகிட்டு இருந்தேன்." பிறகு வேறு ஏதோ நினைவு வந்தவள்போல் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வருஷா வருஷம் உங்க பக்கத்துல நின்னுதானே கும்பிட்டேன். அவன் நல்லாவே இருக்கக்கூடாது, அவன் புள்ளையும் அவன விட்டுட்டுப் போயிறணும்னு. நான்தானே உங்களுக்குத் துண்ணூறும் பூசிவிட்டேன். ஏம்ப்பா தடுக்கல?"

"எதுக்கும்மா தடுக்கணும்," என்றார் சேதுராமன். "நீ சரியான ஆளுக்குத்தானே கும்பிட்ட."

நிஷாந்தினி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் எழுந்து போகலாமா கூடாதா என்று தெரியாமல் கதிரையிலேயே இருந்தார். அரை மணி கழித்து அவள் முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நேத்து அம்மாவுக்கு வெளக்குக் கொளுத்தல."

சேதுராமன் ஓடிப்போய் வேனின் முன் கதவைத் திறந்து பிடித்தார். அந்தச் சீட்டை அவர் ஒரு வருஷமாகத் தினமும் துடைத்து வைத்திருந்தார். அவள் அவரைத் தாண்டிப் போய், பின் கதவைத் தானே இழுத்துத் திறந்து, பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். அவர் முன் கதவைச் சாத்திவிட்டு வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

கடவைக்கு வந்தார்கள். மூங்கில் மேலே நின்றது. அவர் கோட்டுக்கு இந்தப் பக்கம் வேனை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கினார். வலப்பக்கம் பார்த்தார். யாருமில்லை, ஒன்றுமில்லை. அதன்பிறகு காத்திருந்தார்.

கண்ணாடியில் மகள் தெரிந்தாள். பழக்க தோஷத்தில் அவள் தலை இடப்பக்கம் திரும்பியது. வளைவைப் பார்த்தாள், காதைக் கொடுத்தாள். எல்லாம் பழையபடிதான். உதடு மட்டும் பிரியவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. இன்னொரு ஓட்டோவும் சேர்ந்து அடித்தது. சேதுராமன் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார்.

மஹ்மூத் நானா தன் கதிரையிலிருந்து எழுந்து வந்தார். பின் சீட்டில் நிஷாந்தினியைக் கண்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"பொண்ணு வந்தீக்கி. அல்ஹம்துலில்லாஹ். நீங்க எங்க சேது எறங்கிப் போறீங்க?"

"இடப்பக்கம் பாக்கணும் நானா."

"அதுக்குத்தான் பொண்ணு ஈக்கே."

சேதுராமன் வேனுக்கு முன்னால் சுற்றிப்போய், மழையில் நனைந்த சரளைக்கற்கள் மேல் நின்று, அந்த வளைவைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்து வேனை எடுத்தார்.